அமுக்காமல் விட்ட கால்

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்தேன். எத்தனை முறை துவைத்தும், அக்கா, உங்கள் இஞ்சித் தைல வாசனை அதில் இலேசாக இருக்கிறது.

மஹய்யாவையில் உங்கள் ஒற்றை அறைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு துணி கொண்டுவர வேண்டும். நீங்கள் ஹொங்கொங்கில் வேலை பார்த்தபோது கற்ற துயினா என்ற சீன அமுக்கு வைத்தியத்தில் துணியை விரித்து அதன் மேல்தான் அமுக்குவது. தைலம் கடைசியில் ஒரு துளி. கரும்பலகையின் மேல் வரியை எட்டாமல் இறுகிக் கிடந்த என் தோளைப் புறங்கையால் உருட்டி உருட்டியே இளக்கினீர்கள். நான் மறுபடி என் தலையை நானே வாரிய அன்று நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.

அதனால்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், இடது கெண்டைக்கால் வலியோடு நேரே உங்களிடம் வந்தேன். இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டீர்கள்.

"டீச்சர், இதுல நான் கை வைக்க மாட்டேன். இந்தக் கால் மட்டும் சுடுது, வீங்கியும் இருக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

"அமுக்கிவிடச் சொன்னா ஆஸ்பத்திரியா? உங்க முகத்தப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"முகத்த த்ரீவீல்ல பாத்துக்குங்க. செருப்பப் போடுங்க."

வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். காலின் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்திருக்கிறது என்றார் டொக்டர். "யாராவது உருவினாங்களா?" என்று கேட்டார். "இல்ல" என்று எனக்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள். அமுக்கியிருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்கே போயிருக்கலாமாம். அப்போதுதான் உங்கள் கையைப் பிடித்தேன்.

கணக்குப் பிழைத்தால் அவசரமாக அழிக்காதே, எந்த வரியில் பிழைத்தது என்று முதலில் பார் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். என் காலில் அதைச் செய்தது நீங்கள்.

நீங்கள் கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நேற்று என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தார். இன்று காலை எழுந்ததும் கதிரையில் சாய்ந்து, "கால் இழுக்குது, கொஞ்சம் அமுக்கிவிடு" என்றார்.

"ரெண்டு காலையும் நீட்டுங்க."

"ஒண்ணுதானே வலிக்குது!"

"நீட்டுங்கன்னா."

புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு காலிலிருந்து மற்றதற்கு, மறுபடி முதல் காலுக்கு. வீக்கம் இல்லை. இரண்டும் ஒரே சூடு.

அதன் பிறகுதான் துணியை விரித்தேன்.