சப்ஜெக்ட் வரிக்குப் பூட்டு கிடையாது

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்,
14.10.2006

அன்புள்ள சுபாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, டொராண்டோ குளிருக்குத் தக்கபடி போர்த்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். மூன்று வாரமாக வீட்டு நம்பரைப் பார்த்தால் நீ போன் எடுப்பதில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. நான் செய்த காரியத்துக்கு அது நியாயம்தான். அதனால் பேனாவைப் பிடித்துவிட்டேன். காகிதத்தில் சப்ஜெக்ட் வரி கிடையாது, நான் கெடுப்பதற்கும் ஒன்றும் இல்லை.

போன வருஷம் லீவில் வந்தபோது என் கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கத் தண்டர்பேர்டைப் போட்டு, அதைப் பூட்டி அனுப்ப எனிக்மெயிலைச் சேர்த்து, எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். பொதுச் சாவி என்பது திறந்த பூட்டு மாதிரி, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அவர்கள் கடிதத்தை அதால் பூட்டி அனுப்புவார்கள், திறக்கிற தனிச் சாவி மட்டும் நம்மைவிட்டுப் போகக் கூடாது என்றாய். முப்பத்துமூன்று வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் குப்பை கொட்டியவனுக்கு இவள் என்ன பாடம் எடுப்பது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். நீ விமானம் ஏறிய மறுநாள், சிலிண்டர் வரவில்லை என்று கேஸ் ஏஜென்சிக்கு எழுதிய புகாரில்கூட என் பொதுச் சாவியை இணைத்தேன். செகந்திராபாத் அருணாசலம் மாமாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்தை டிஜிட்டல் கையெழுத்து போட்டு அனுப்ப, கீழே கிடந்த எழுத்துக் குவியலை வைரஸ் என்று பயந்து அவர் மிஷினையே ஃபார்மட் பண்ணிவிட்டார். இன்றுவரை என் மெயிலைத் திறப்பதில்லை. புத்திசாலி மனுஷன்.

அப்புறம்தான் நீ பூட்டி அனுப்பிய அந்தக் கடிதம் வந்தது. நீயும் மாப்பிள்ளை ஸ்ரீகாந்தும் நான்கு மாதமாகத் தனித்தனி வீட்டில் இருப்பதையும், டிசம்பரில் வந்து அம்மாவிடம் நேரில் நீயே சொல்லப்போவதையும், அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது என்பதையும் எழுதியிருந்தாய். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு மூன்று பக்கம் பதில் எழுதி, உன் சாவிதானா என்று இரண்டு தடவை பார்த்துப் பூட்டினேன். ஆனால் சப்ஜெக்ட் வரியைக் காலியாக விட எனக்குக் கை வருமா? ஃபைலைத் திறக்காமலே விஷயம் முழுக்கத் தெரிய வேண்டும் என்று ஜூனியர்களை விரட்டி விரட்டிப் பழகிய கை. சுபாவும் ஸ்ரீகாந்தும் நான்கு மாதமாகப் பிரிந்திருத்தல், டிசம்பர் வரை கனகத்துக்குத் தெரியாமல் வைத்தல், தொடர்பாக என்று ஆபீஸ் இங்கிலீஷில் நடுநடுவே கோடு போட்டு லட்சணமாக எழுதினேன். சப்ஜெக்ட் வரிக்குப் பூட்டு கிடையாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னது அனுப்பிய பிறகும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நீ கோபமாக ஒற்றை வரி எழுதிய பிறகுதான் வந்தது.

அதற்குள் அம்மா, கல்பகம் சித்திக்குக் கொலு ஃபோட்டோ போயிற்றா என்று பார்க்க, அனுப்பிய மெயில்களின் பட்டியலைத் திறந்துவிட்டாள். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். உங்கள் ஃபாக்டரியில் ரகசியத்தையெல்லாம் இப்படித்தான் காப்பாற்றினீர்களா என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே, "அவ என்னைப் பாத்து பயந்தாளா, இல்ல நான் தாங்கமாட்டேன்னு பயந்தாளா? ரெண்டுல எதுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு" என்றாள். சுபா, அந்தக் கேள்வி உனக்கு வர வேண்டியது, நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

போன வாரம் எதிர் ஃபிளாட் ஃபாத்திமாவை அம்மா கூப்பிட்டாள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற வாணியம்பாடிப் பெண், உனக்குத் தெரியாது. தனக்கென்று ஒரு சாவி வேண்டும் என்று அம்மா அதனிடம் கேட்டாள். கடவுச்சொல் தட்டும்போது உதவலாமே என்று நான் பின்னால் போய் நின்றேன். "நக்கோ அங்கிள், வேணாம், நீங்க போய் கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று அந்தப் பெண் என்னைத் துரத்திவிட்டது. திரும்பி வந்தபோது சாவி தயார். கடவுச்சொல் என்ன என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். இன்று காலை அம்மா ஒரு மணி நேரம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி உனக்கு எழுதிப் பூட்டி அனுப்பியிருக்கிறாள். எனக்குத் தெரிவது சப்ஜெக்ட் வரி ஒன்றுதான். அதில் ரசப்பொடி என்று இருக்கிறது. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, ரசப்பொடி என்றுதான் எனக்கும் பதில்.

அவள் பெயரில் நானே சாவி செய்து உன்னை வேவு பார்க்கிறேனோ என்று உனக்குச் சந்தேகம் வரலாம், வர வேண்டும். மெயிலில் வந்த சாவியை வேறு வழியில் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்று ஃபாத்திமாவும் சொல்கிறது. அதனால் அம்மாவின் சாவிக்கு அடையாளமான, கைரேகை என்கிற நாற்பது எழுத்தையும் இந்தத் தாளின் பின்பக்கம் அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். அந்தக் கையெழுத்தை யாரும் கள்ளம் பண்ண முடியாது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவளுக்குப் பதில் எழுது. எனக்கு எழுத வேண்டாம், நான் காத்திருப்பேன். உன் வாயால் சொல்ல வேண்டியதை உன்னிடமிருந்து பறித்துவிட்டேன், அதற்கு என்னை மன்னித்துவிடு.

எங்கே இருந்தாலும் யாரோடு இருந்தாலும், தனியாகவே இருந்தாலும், நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் காய் வாங்கப் போய்விடுவேன், இரண்டு மணி நேரம் வரமாட்டேன். அப்போது போன் பண்ணு. கூரியர் கவரின் மேலே உன் விலாசம் தவிர வேறு எதையும் நான் எழுதவில்லை. அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டக் கொடுப்பாளாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பத்மநாபன்