போபோடி சிக்னலில் அணையும் வண்டி

14 ஜூன் 1998, ஞாயிறு

இன்றும் போபோடி சிக்னலில் வண்டி அணைந்துவிட்டது. பச்சை விழுந்தாயிற்று, பின்னால் ஆட்டோக்காரர்கள் விடாமல் ஹார்ன் அடிக்கிறார்கள், நான் சாவியைத் திருகிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து சீட்டிலிருந்து இவர் சொன்னது ஒன்றுதான். "கிளட்ச விடத் தெரியல உனக்கு."

பிறகு இறங்கிச் சுற்றி வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவரே ஓட்டினார். கட்கியில் வீடு வந்து சேரும்வரை எங்கேயும் நிற்கவில்லை. எனக்கு மட்டும்தான் நிற்கிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் குளிர்ஜுரம் வந்தவள்போல நடுங்கி, அப்படியே அடங்கிவிடுகிறது.

வாசலில் நிறுத்தியதும் வழக்கம்போல டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு எதையோ தள்ளிவிட்டு இறங்கினார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்தால் எல்லாக் கைப்பிடிகளையும் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு வரும் பழக்கம். வீட்டில் கேஸ் அடுப்பின் திருகைக்கூட நான் மூடிய பிறகு ஒருதரம் தொட்டுப் பார்ப்பார்.

15 ஜூன்

லைசென்ஸ் எனக்கும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

21 ஜூன், ஞாயிறு

பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து நின்றார். மூடிவிட்டு, "வண்டில ஒண்ணுமில்ல" என்றார். சரி, பழைய வண்டி. கன்டோன்மென்டில் ஒரு ராணுவ அதிகாரி மாற்றலாகிப் போகும்போது எங்களுக்கு விற்றுவிட்டுப் போனது. இருந்தாலும் அவர் கையில் ஓடுகிறதே? அப்படியானால் நான்தானே?

தேஜஸ்வினி இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். "மம்மி, பப்பா ஓட்டுனா பந்த் ஆவல. நீ ஓட்டுனா மட்டும் ஏன் ஆவுது?" குழந்தை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

2 ஜூலை

ஆபீஸில் ஜான் சார் கூப்பிட்டார். எங்கள் மருந்துக் கம்பெனி கசார்வாடியில் புது கோடவுன் எடுத்திருக்கிறது. அதற்கு இன்சார்ஜ் வேண்டும், நான் போகிறேனா என்று கேட்டார். பில் எழுதி எழுதித் தேய்ந்த என்னைக் கேட்டார்.

காலையில் கேம்ப் ஏரியாவில் இருக்கிற எங்கள் ஆபீஸில் சாவி வாங்கிக்கொண்டு போய்த் திறக்க வேண்டும். அவசர மருந்துப் பெட்டிகளோடு மதியம் கேம்ப்புக்கு வந்து மறுபடி போக வேண்டும். "வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தாம்மா இது. யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லு." யோசிக்க என்ன இருக்கிறது. எனக்கு அந்த வேலை வேண்டும். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது: வேண்டும்.

இவரிடம் சொன்னேன். மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "சிக்னல் தாண்டத் தெரியாதவளுக்கு கோடவுனா" என்றார்.

5 ஜூலை, ஞாயிறு

ரேஞ்ச் ஹில்ஸ் பக்கம் காலி ரோட்டில் பழகினேன். இவர் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கிளட்சை எவ்வளவு மெதுவாக விட்டாலும் நடுக்கம், விக்கல், மௌனம். கால் மரத்துப் போயிற்று. கடைசியில் அழுதுவிட்டேன். முதுகில் தட்டிக் கொடுத்து, "எல்லாருக்கும் எல்லாம் வராது பாமா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் நம்பத் தோன்றுகிறது.

9 ஜூலை

ஜான் சாரிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு வண்டி சரியா ஓட்ட வரல சார்."

10 ஜூலை

கோடவுன் வேலையை பாஸ்கருக்குக் கொடுத்துவிட்டார்கள். நேற்றுச் சேர்ந்த பையன் மாதிரி இருக்கிறான். லட்டு கொண்டுவந்து நீட்டினான். சாப்பிட்டேன்.

25 ஜூலை, சனி

இவர் சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக வேலூர் போயிருக்கிறார். எப்போதும் சட்டைப் பையிலேயே இருக்கும் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். மழையில் நிற்கிற வண்டி, பேட்டரி இறங்காமல் இருக்கட்டும் என்று ஸ்டார்ட் செய்தேன். சூடானதும் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினேன்.

நடுங்கியது. விக்கியது. அணைந்தது.

நான் வெளியே நிற்கிறேன். கிளட்சில் என் கால் இல்லை. வண்டிக்குள் நானே இல்லை.

மறுபடி ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டேன். உள்ளே எங்கேயோ ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அடுப்படியில் கேஸ் சிலிண்டர் ட்யூபில் கசிவென்றால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போமே, அதையே கிண்ணத்தில் கரைத்து எடுத்துவந்து ஒவ்வொரு இடமாக விட்டேன். எங்கும் நுரை கிளம்பவில்லை. கார்பரேட்டர் வந்து உட்காருகிற அடிப்பாகத்தில் விட்டபோது மட்டும் தண்ணீர் உள்ளே போய்விட்டது. போன அந்த ஒரு நொடி இன்ஜின் நடுக்கம் விட்டு ஒழுங்காகச் சுற்றியது. மறுபடி விட்டேன். மறுபடி அதேதான்.

கேஸ் வெளியே வரும். இது காற்றை உள்ளே இழுக்கிறது.

27 ஜூலை, திங்கள்

லீவு போட்டுவிட்டு, சிக்னலில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டே கசார்வாடிக்கு ஓட்டிப்போனேன். எங்கள் வண்டியைப் பார்க்கிற முகமது இஸ்மாயிலின் ஒர்க்‌ஷாப் அங்கேதான். அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். என்னை அண்ணி முறையில் பாபி என்று கூப்பிடுகிறவர், ஒரு மாதிரி பார்த்தார்.

"அது தெரிஞ்சதுதானே பாபி. கேஸ்கெட் போயிடுச்சு, காத்து இழுக்குது, மாத்திடலாம்னு சார்கிட்ட மே மாசமே சொன்னேன். இப்ப வேணாம், சோக்கை பாதி இழுத்து வெச்சு ஓட்டிக்கிறேன்னாரே."

சோக் என்பது காலையில் வண்டி கிளம்ப இழுக்கிற குமிழ். இழுத்தால் பெட்ரோல் கூடும். சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். ஓட்டையில் வருகிற காற்றுக்கு அந்தக் கூடுதல் பெட்ரோல் ஈடுகட்டிவிடுமாம். அந்தக் குமிழ் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது.

இழுத்து வைத்துக்கொண்டு அவர் ஓட்டுவார். தள்ளிவிட்டு என்னிடம் கொடுப்பார்.

இடுக்கை அடைக்கிற அந்தக் கேஸ்கெட்டை மாற்றச் சொன்னேன். சாரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். வரும் வழியில் போபோடியில் சிவப்பு. காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

28 ஜூலை

ஏன்யா? நான் என்ன கேட்டுட்டேன் உன்ன? பக்கத்துல உக்காந்து நான் அழறத பாத்துகினு இருந்தியே — முதுகுல வேற தட்டிக் குடுத்தியே.

இத்தனை வருஷத்தில் சார்ஜ்மேன் பதவி உயர்வு இவரைத் தாண்டித் தாண்டிப் போனது. பெண்டாட்டி ஓட்டக் கற்றதே முதலில் பொறுக்கவில்லை; அவள் இன்சார்ஜும் ஆனால் ஃபேக்டரியில் நாலு பேர் கேட்பார்கள். அவ்வளவுதான் இருக்கும். அதற்கு என் காலைக் குறை சொன்னார். நானும் நம்பினேன், அதுதான் வயிறு எரிகிறது.

2 ஆகஸ்ட்

ஊரிலிருந்து வந்துவிட்டார். வேலூரில் நல்ல வெயிலாம்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

வாரம் முழுக்க மழை, வண்டி வாசலிலேயே நின்றது. இன்று பிம்ப்ரி மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் தேஜுவும், இவரோடு வேலை பார்க்கும் அருணாச்சலமும். இவர் ஏறியதும் கை கீழே போய்க் குமிழைப் பாதி இழுத்தது. பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டைதான் அடைபட்டாயிற்றே, கூடுதல் பெட்ரோல் இப்போது அதிகப்படி. பாதி வழியிலேயே பெட்ரோல் நாற்றம். பின்னால் கரும்புகை. போபோடி சிக்னலில் இடறி இடறி அணைந்தது. இவர் கையில். பச்சை விழுந்தது, ஹார்ன் ஆரம்பித்தது. சாவியைத் திருகத் திருகக் காது சிவந்துவிட்டது.

"இன்னா ரவி, கிளட்ச் விடத் தெரியலயா?" என்று அருணாச்சலம் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

நான் கையை நீட்டி அந்தக் குமிழை உள்ளே தள்ளினேன். "ஆக்சிலேட்டர மிதிச்சுகினு இப்ப போடுங்க."

போட்டார். ஒருமுறை இருமிவிட்டு நடுக்கமே இல்லாமல் நின்று ஓடியது. என் பக்கம் திரும்பவில்லை. பிம்ப்ரியில் பேரம் பேசாமல் வெங்காயம் வாங்கினார். திரும்பும்போது சாவியை நான் கேட்டேன், கொடுத்தார். நான்தான் ஓட்டிவந்தேன்.

10 ஆகஸ்ட்

சாவி என் கைப்பையில் இருந்தது. காலையில் ஆணியைப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் வண்டியில் கேம்ப்புக்குப் போனேன். ஆபீஸ் வாசலில் கோடவுன் சாவியை வாங்கிக்கொண்டு பாஸ்கர் வெளியே வந்துகொண்டிருந்தான். நான் வண்டியை நிறுத்தி இறங்குவதைப் பார்த்து நின்றான்.

"அக்கா, உங்களுக்கு ஓட்ட வராதுன்னு ஜான் சார் சொன்னாரே?"

"வரும்" என்றேன்.