இரண்டு சுவர்களில் ஒரே ஊர்

சென்னை
19 டிசம்பர் 1964

என் பிரியமான மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உடம்பு எப்படி இருக்கிறது? பிள்ளை புரளுகிறதா?

கலைக்கூடத்தில் இந்த மாதம் படச் சட்டங்களைத் துடைக்கும் வேலை. நூறு வருடத்துக்கு முந்தைய ஓவியர் ஒருவரின் இரண்டு நீர்வண்ணப் படங்கள் எதிரெதிர்ச் சுவர்களில் தொங்குகின்றன. ஒன்றில் பதினான்கு வீடுகளும் காயும் வலைகளும். மற்றதில் வெறும் மணலும் தண்ணீரும். வேறு வேறு ஊர் என்றே பதிவேட்டில் எழுதியிருந்தோம். கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பார்த்தேன். இரண்டிலும், தனுஷ்கோடியில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற, தலை உடைந்த அதே கல்தூண். இரண்டாவதில் அது கழுத்துவரை புதைந்திருக்கிறது.

அந்த ஓவியர் படத்தின் பின்புறம் பென்சிலால் தேதி போடுகிறவர். வீடுகள் உள்ள படம் முந்தியது; இரண்டுக்கும் இடையே ஒன்பதே நாள்.

இதைச் சொல்லி, பிரசவம் வரை உன்னை ராமநாதபுரத்தில் என் அக்கா வீட்டில் வைக்கலாமே என்று உன் வாப்பாவுக்கு எழுதினேன். கார்டு போட்டிருக்கிறார்: "என்ன மாப்ள, படத்துல தண்ணி ஏறுனா இங்கன எங்க காலு நனையுமா? தலப்பிரசவம் எங்க வீட்டுலதான். நீங்க படத்தத் தொடைங்க."

வானொலியில் ஏதோ புயல் என்றார்கள். அதற்காக எழுதவில்லை. உன்னைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

லீவு கிடைத்துவிட்டது. செவ்வாய் இரவு பாம்பனில் ரயில் ஏறி வருகிறேன். வாப்பாவிடம் சொல்லாமல் துணிமணியைக் கட்டி வை. எவ்வளவு மழை பெய்தாலும் அந்த ரயில் வந்துவிடும். நான் வரும்வரை வீட்டை விட்டு எங்கும் போகாதே.

உன் நினைவாகவே இருக்கும்
உன் கணவன்