தீர்ப்பே தெரியாமல் போன அண்ணாவுக்கு

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. நாளை காலை பத்து மணிக்கு உங்கள் தலைவர் நம் வீட்டுக்கு வருகிறார். ‘உங்கள் தலைவர்’ என்று எழுதியதும் நீங்கள் முறைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

நீங்கள் போன அன்றைக்கு மதியம்தான் தீர்ப்பு வந்தது. ஊழல் வழக்கில் அவர் குற்றவாளி என்று சொன்ன அரை மணி நேரத்தில் நம் கணபதி வட்டாரத்தில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சந்துக்குள் இருக்கும் உங்கள் பட்டறைக்கு வந்தேன். செப்புக் கம்பிக் காயில் பாதி கட்டிய பம்பு மோட்டாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். சட்டை முழுக்க வேர்வை. “காலைல தின்னது ஒத்துக்கல பாப்பா” என்றீர்கள். உங்களுக்கு எப்போதுமே வயிற்றின் மேல்தான் சந்தேகம்.

ஆம்புலன்ஸுக்கு அழைத்தால், வண்டி கிளம்பிவிட்டது, வழியில் நிற்கிறது என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார். உங்கள் தலை என் மடியில் இருந்தது. மெயின் ரோட்டு முக்கில் டயர் எரிந்துகொண்டிருந்தது, நூறு பேர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் தலைவர் கட்சியின் வார்டு செயலாளர். அவர் தோட்டத்து மோட்டாருக்கு எத்தனை முறை நீங்கள் காயில் கட்டிக் கொடுத்திருப்பீர்கள்.

“ஏனுங்க டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஒரு வண்டியும் உடக்கூடாதுன்னு மேல இருந்து போன் வந்திருக்குதுங்க. பின்னால ரோட்டுல சுத்திப் போயிருங்க” என்றார்.

“அண்ணனுக்கு நெஞ்சுவலிங்க. கொஞ்சம் வழி உட்டீங்கன்னா...”

“புரியுதுங்க. எனக்கு மட்டும் மனசில்லீங்களா? சுத்திப் போயிருங்க, அஞ்சு நிமிசந்தான்.”

“சரிங்க” என்றேன்.

அண்ணா, அந்தச் சரிங்கவை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? கத்தியிருக்க வேண்டும். அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அவர் மரியாதையாகப் பேசினார், நானும் மரியாதையாகவே பேசினேன். நம்மை வளர்த்த விதம் அப்படி. உங்கள் உயிர் போய்க்கொண்டிருந்தபோதும் நான் அவருக்கு ‘ங்க’ போட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னால் இருந்த ரோட்டிலும் மறியல். நீங்கள் கண்ணைத் திறந்து, “என்ன பாப்பா கூட்டம், ஏதாச்சும் நோம்பியா?” என்று கேட்டீர்கள். “ஆமாங்கண்ணா, கோயில் நோம்பிங்க” என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

மூன்றாம் நாள் அதே வார்டு செயலாளர் துக்கம் விசாரிக்க வந்தார். உண்மையாகவே அழுதார். “வீதி முக்குல ஒரு கண்ணீர் அஞ்சலி வெக்கறோமுங்க, நல்ல போட்டோவா ஒண்ணு கொடுங்க டீச்சர்” என்றார். வழக்கமாக எல்லாருக்கும் வைப்பதுதானே என்று, காங்கேயத்துக் கல்யாணத்தில் எடுத்ததைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால், பேனரில் பனை உயரத்துக்குத் தலைவர், அவர் காலடியில் நீங்கள். ‘தீர்ப்பு கேட்ட அதிர்ச்சியில் உயிர்நீத்த தொண்டர்’ என்று எழுதியிருந்தது. ஓட்டுப் போடும் நாளில்கூட பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாக் கட்சிக்காரனையும் ஒரே வார்த்தையில் திட்டுகிற என் அண்ணனைப் போய்.

போய்க் கேட்டேன். “மேல தியாகிங்க பட்டியல் போயிருச்சுங்களே” என்றார். “அம்மாவுக்கும் ஒரு ஆறுதல்தானுங்க” என்றார்.

அவர் சொன்னது பலித்ததுதான் கொடுமை. அன்றைக்கு அம்மா காரில் வரவில்லை. நான் நடந்ததை ஒரு தடவை சொன்னேன், கேட்டுக்கொண்டார். பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், “தீர்ப்பக் கேட்டதும் எம்பையன் நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டானுங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் முறை நான் உள்ளே எழுந்து போய்விட்டேன். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறேன். மகன் எதற்காகவோ செத்தான் என்று நினைத்தால் அவரால் சோறு உண்ண முடிகிறது. ஒன்றுமில்லாததற்குச் செத்தான் என்பதை எழுபத்தைந்து வயதில் எப்படி விழுங்குவார்?

மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார்கள். தலைவர் இப்போது ‘தியாகிகள்’ வீடு வீடாகப் போகிறார். சாக்கடைக்காக நீங்கள் மனு கொடுத்தே ஓய்ந்துபோன நம் வீதிக்கு நேற்று ஒரே நாளில் தார் போட்டுவிட்டார்கள். மறியல் செய்தவர்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை. ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று முடித்துவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் நாளை நம் வாசலில் கூட்டத்தை ஒழுங்கு செய்வார்கள்.

சற்று முன் அம்மா கேட்டார்: “அவுரு காலுல உழுகோணுங்களா கண்ணு, கும்பிட்டாப் போதுமா?”

“கும்பிட்டாப் போதுங்கம்மா” என்றேன். அவர் அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர்.

நாளை நான் வாய் திறக்கமாட்டேன், அண்ணா. என்னை மன்னிக்க வேண்டாம். அம்மா பத்திரிகை படிப்பதில்லை, அதனால்தான் இதை இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன், அதுவும் யார் பெயரும் போடாமல். என் தைரியம் இவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். அம்மா இருக்கும்வரை நீங்கள் அவர்களுடைய ஆளாகவே இருங்கள். அம்மாவுக்குப் பிறகு அந்த முக்கில் போய் நின்று, என் அண்ணனுக்கு அப்படி ஒரு தீர்ப்பு வந்ததே தெரியாது என்று சொல்வேன். அதற்குள் எல்லாருக்கும் மறந்திருக்கும், யாரும் நின்று கேட்கமாட்டார்கள். ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

உங்களை நடுரோட்டில் விட்டுவிட்ட
உங்கள் தங்கை,
பாப்பா