வெள்ளை மாத்திரையும் சிவப்பு மாத்திரையும்

2003 ஜூலை 8, செவ்வாய்
விடியல் முதல் மழை. இன்றும் ரப்பர் பால்வெட்டு இல்லை, தாய்மார் பலர் வேலைக்குப் போகவில்லை. நான் பொறுப்பாயுள்ள பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் ஒன்பது மட்டும். உலர்த்த வேண்டியவை: பாய் நான்கு, தொட்டில் சேலை இரண்டு.

தம்பி செல்வத்துக்கு இரண்டாம் நாள் காய்ச்சல். உணவு இறங்கவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் கொடுத்த வெள்ளை மாத்திரைப் பொட்டலத்தைக் காட்டி, "இம்புட்டும் உள்ள போயி என்னக்கா ஆகும்?" என்றான். புத்தகத்தில் படித்ததை விளக்கினேன்: ஈரல் மருந்தைச் சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தோடும் சல்பேற்றோடும் இணைக்கிறது, இணைந்தது நீரில் கரைந்து சிறுநீரோடு வெளியேறுகிறது. இணைப்புத் தாக்கம் என்பர். ஆகவே அஞ்சாமல் போட்டுக்கொள் என்றேன்.

"டொக்டரையாவே தோத்தாரு போங்க," என்றாள் அவன் மனைவி ராணி. மகிழ்ச்சி.

ஜூலை 9, புதன்
தூறல். துணி துவைக்கும் சவர்க்காரம் முடிந்துவிட்டது.

செல்வம் நேற்று மாலை கஹவத்தை டவுனுக்குப் போய்ச் சிவப்பு மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். "வெள்ளை மேல்வலிக்கு, செவப்பு காச்சலுக்கு." இரண்டையும் விழுங்குகிறான். இங்கு எல்லோரும் செய்வதே: தோட்டத்து மருந்தும் போடுவார்கள், டவுன் மருந்தும் போடுவார்கள். நானும் தடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்
காலையில் வாந்தி. வலது விலாவின் கீழ் வலி. சிவப்பு மாத்திரை அட்டையைத் திருப்பினேன்: பரசிட்டமோல். வெள்ளையை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன்.

"இதுவும் அதேதானே," என்றார் டொக்டரையா.

எண்ணிப் பார்த்தோம். நேற்று மட்டும் பதினெட்டு. அதுவும் வெறும் வயிற்றில். ஞாயிறு வரை கசிப்புச் சாராயம் வேறு குடித்திருக்கிறான்.

புத்தகத்தில் நான் படிக்காமல் விட்ட பகுதி: ஈரல் இணைக்கும் அளவுக்கு எல்லை உண்டு. மிஞ்சுவதில் ஒரு பங்கு நஞ்சாகும். அதைப் பிணைத்து அகற்றும் குளுத்தத்தயோன் பட்டினியாலும் குடியாலும் குறையும். அது தீர்ந்தால் நஞ்சு ஈரலையே பிடிக்கும்.

"படுத்தா சரியாயிரும்," என்றான் செல்வம்.

"ஈரலு போனா படுத்தே கெடக்கலாம். எந்திரிங்க!" என்றாள் ராணி. த்ரீவீலரில் ஏற்றினோம்.

அதே நாள், இரத்தினபுரி ஆஸ்பத்திரி
குளுத்தத்தயோனை மீண்டும் உண்டாக்கும் மருந்து ஏறுகிறது. தாமதமாக வந்திருக்கிறோம், ஈரல் தேறுமா என்பது இரத்தம் சோதித்த பின்பே தெரியும்.

இப்படிப் போடச் சொன்னது யார் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். அவராகவே போட்டுக்கொண்டார் என்று ராணி முந்தினாள். செல்வம் என்னைப் பார்க்கவில்லை.

நான்தான் சொன்னேன் என்றேன், அதே சிங்களத்தில். டாக்டர் எழுதிக்கொண்டார்.