புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டேன்

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், எனக்கு எப்போதும் அதே நினைப்புத்தான். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறிவிடுகிறார், இறங்கும்போதுதான் முணுமுணுப்பு. நானும் நலம், ஆனால் கோபமாக இருக்கிறேன். போனில் கோபித்தால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். காகிதத்தில் என்றால் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் ஒரு புத்தகம் வாங்கினேன் என்று ஆசையாகச் சொன்னதற்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “இந்த மாதிரி கைடு புக்கெல்லாம் சுத்த வேஸ்ட்மா, எல்லாம் நெட்லயே இருக்கு, கடையில திருப்பிக் குடுத்துடு” என்றாய். அதோடு விட்டாயா? “இந்த வயசுல உனக்கு எதுக்குமா கணக்கு சாஃப்ட்வேர்” என்றும் கேட்டாய். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், தெரிந்துகொள். எதுக்கென்று கேட்டாயே, கேள். எங்கள் பம்பு கம்பெனியில் சோதனை அறிக்கையின் அடியில் இரண்டு கட்டம் இருக்கும், ஒன்று அளவெடுத்தவர், இன்னொன்று கணக்கிட்டவர். பத்தொன்பது வருஷமாக முதல் கட்டத்தில் மட்டும்தான் என் கையெழுத்து. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது என்று நனைந்துகொண்டே குறிப்பவள் நான், ஏசி அறையில் அதைக் கோடாக வரைந்து கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். அந்த நாற்காலி இப்போது காலி. இந்த மாதக் கடைசிக்குள் மென்பொருளில் வரையக் கற்றுக்கொண்டால் எனக்கு, இல்லாவிட்டால் புதிதாக ஆள் எடுத்துவிட்டு என்னைப் பேக்கிங் பிரிவுக்கு அனுப்புவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டவா நான் இத்தனை வருஷம் நனைந்தேன்?

நீ அனுப்பிய பதினோரு வீடியோவையும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அதில் பாடம் நடத்தும் பையன் “சிம்பிள், சிம்பிள்” என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறான், நிறுத்திப் பின்னால் ஓட்டினால் வேறெங்கோ போய் நிற்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையில் கிடைத்ததை வாங்கி வந்தேன் என்று நினைக்காதே, நான் என்ன ஏமாளியா? கடையில் மூன்று இருந்தன. ஒன்று தலையணை கனம், பாதிப் பக்கம் எப்படி இன்ஸ்டால் செய்வது என்று வண்ணப் படம், அது தண்டம்தான், உன் பேச்சை அங்கே ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று பத்தே நாளில் நிபுணர் ஆக்குகிறதாம், அதை அப்படியே வைத்துவிட்டேன். மூன்றாவது ஒல்லி. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றபடியே படித்தேன், புரிந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சி, கடைசியில் விடை, சிவப்பு எழுத்தில் வரும் பிழைச் செய்திகளுக்கு ஒரு தனிப் பட்டியல். படங்கள் பழைய பதிப்பிலிருந்து எடுத்தவை, பாதிப் பொத்தான் இடம் மாறிப்போயிருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் சாமானை இடம் மாற்றி வைத்தால் தேடி எடுக்கமாட்டோமா?

உன் பழைய லேப்டாப்பில்தான் படித்தேன், அப்பா புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், நான் ஒற்றை விரலால் தட்டுவேன். இரண்டு நாள் எதைத் தட்டினாலும் சிவப்பு எழுத்துத்தான். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, புத்தகத்தில் ஓரமாக வரிக்கு வரி ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கிறதே, அதையும் உங்கப்பா சேர்த்து வாசித்திருக்கிறார், நானும் பயபக்தியோடு தட்டியிருக்கிறேன். சிரி, நன்றாகச் சிரி. ஆனால் அதைக் கண்டுபிடித்ததும் நாங்கள்தான், உன்னிடம் கேட்கவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். அந்தக் காலி நாற்காலியில் இப்போதைக்கு உட்கார்ந்து கோடு வரைகிற எங்கள் சின்ன என்ஜினீயருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். நான் எடுத்துக்கொடுத்த எட்டு அளவையும் போட்டு, எட்டுப் புள்ளியையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு கோடு வரைந்துவிட்டார். பாம்பு நெளிவது போல ஏறி இறங்கிப் போகிறது. “பாருங்க, ஒரு புள்ளிகூட விடல” என்று அவருக்கு ஒரே பெருமை, வாடிக்கையாளருக்கு அனுப்பவும் தயார். நான் பார்த்த எந்தப் பம்பும் அப்படி நெளிந்ததில்லை, தண்ணீர் கூடக்கூட உயரம் சீராகத்தான் இறங்கும். அதோடு அறுபத்தோராம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது, எல்லாப் புள்ளியையும் தொடுகிற கோடுதான் சரியான கோடு என்று மயங்காதே, அளவில் உள்ள தப்பையும் அது சேர்த்து வரையும் என்று. உன் பதினோரு வீடியோவில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை. நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! விடவில்லை நான். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, ஒரே சீராக வளையும் கோட்டை வரைந்தேன். ஏழு புள்ளி அதன் பக்கத்தில் இருந்தது, ஐந்தாவது மட்டும் தள்ளி நின்றது. அந்த அளவெடுக்கும்போதே அழுத்தம் காட்டுகிற கேஜ் முள் நடுங்குகிறது என்று ஓரத்தில் ஒரு சுழி போட்டிருந்தேன், யார் பார்த்தார்கள்? கேஜ் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்தேன். புது அளவு என் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. மேனேஜர் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். அப்புறம், “ரெண்டு எடத்துலயும் நீங்களே போடுங்கம்மா” என்றார். இரண்டு கட்டத்திலும் போட்டேன்.

உன்மேல் எனக்கு வருத்தமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். தெரிந்தவளுக்குப் புத்தகம் வேண்டியதில்லை, சரி. ஒன்றும் தெரியாமல் நீயும் ஒரு நாள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்பதை மறந்துவிட்டாயே. ஏறிப் போன ஏணியை எட்டி உதைக்காதே, கீழே உன் அம்மா நான் ஏறிக்கொண்டிருக்கிறேன். அதே ஆசிரியர் இரண்டாம் பாகமும் எழுதியிருக்கிறாராம், சனிக்கிழமை வாங்கப் போகிறேன், வேண்டாம் என்று சொல்வதற்காகப் போன் செய்யாதே. மற்றபடி தாராளமாகச் செய், ஆனால் பகலில் எடுக்கமாட்டேன், வேலை இருக்கும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுங்கள். எல்லா நலமும் பெற்று நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(அளவெடுத்தவர், கணக்கிட்டவர்)