மடாலயத்துப் பாசிக்கல்

அன்புள்ள அப்பாவுக்கு, டெர்வ்லா வணக்கத்துடன் எழுதுவது. தீவில் காற்று அடங்கியதா? உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் நலம்.

ஞாயிறன்று ஹோட்டல் வேலைக்கு விடுமுறை. ஓக் காட்டுக்குள் நடந்து, பாழடைந்த மடாலயத்துக்குப் போனேன். பாசிக்கல்லில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. பயப்படாதீர்கள், வீக்கம் வடிந்துவிட்டது. எழ முடியாமல் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்த பிறகு, நாயோடு வந்த நோரீன் என்ற அம்மாள் என்னைக் கண்டார்.

"யாரைக் கூப்பிடணும்மா? நம்பர் சொல்லு."

வந்து ஆறு மாதமாகியும், இந்த ஊரில் சொல்ல எனக்கு ஒரு நம்பர்கூட இல்லை. "யாரும் வேணாங்க, நடந்துடுவேன்" என்றேன்.

"நடந்து கிழிச்சே. தோளைப் பிடி" என்று திட்டிக்கொண்டே என்னை அறை வரை கூட்டிவந்தார்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். கூடவே நீளமாக ஒரு கடிதம். பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விடாமல் எழுதுங்கள், இரண்டு தடவை படிப்பேன்.

சமையலறையில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் டெர்வ்லா